அமேசிங் ரேஸ் பார்க்கத் தொடங்குகிறீர்களா? ஏழாவது சீசனிலிருந்து ஆரம்பியுங்கள்

"அமேசிங் ரேஸ் பார்க்கலாம்னு இருக்கேன், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஏழாவது சீசன். முப்பதுக்கு மேல் சீசன்கள் வந்துவிட்டன. வரிசையாகப் பார்க்கிறேன் என்று முதல் சீசனில் உட்கார்ந்த பலர் பாதி வழியில் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். 2001 செப்டம்பரில் வந்த அந்த முதல் சீசனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அப்போது நிகழ்ச்சியே தன் விதிகளைத் தேடிக்கொண்டிருந்தது. 2005 மார்ச்சிலிருந்து மே வரை அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் ஓடிய ஏழாவது சீசன் அப்படியில்லை. விதிகள் படிந்துவிட்டன, ஆட்களும் சரியாக அமைந்துவிட்டார்கள். ஒரு புதியவர் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாமே அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமேசிங் ரேஸ் என்பது நாடு நாடாக ஓடும் தொலைக்காட்சிப் போட்டி. ஏற்கெனவே உறவோ நட்போ உள்ள இரண்டிரண்டு பேராக 11 ஜோடிகள் கிளம்புவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேலைகளை முடித்து, வழி கண்டுபிடித்து, 'பிட் ஸ்டாப்' என்ற தங்குமிடத்துக்கு வர வேண்டும். அங்கே ஒரு விரிப்பின் மேல் நிகழ்ச்சித் தொகுப்பாளர், நியூசிலாந்துக்காரரான பில் கியோகன் நின்றுகொண்டிருப்பார். கடைசியாக வரும் ஜோடியைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கடைசிக் கட்டத்தில் மூன்று ஜோடிகள் மோதும், முதலில் வருபவர்களுக்கு 10 லட்சம் டாலர். இந்தச் சீசனின் பாதை கலிபோர்னியாவின் லாங் பீச்சில் தொடங்கி பெரு, சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, இந்தியா, துருக்கி, இங்கிலாந்து, ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ வழியாக மயாமிப் பக்கம் போய் முடிகிறது.

1. முதலில், எதையும் தேடாதீர்கள்

இதைத்தான் முதல் படியாக வைப்பேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்றவை வீண். "ஏழாவது சீசன்" என்று தேடினாலே, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலேயே ஜெயித்தவர்கள் பெயர் இருக்கும். யார் எந்தக் கட்டத்தில் வெளியேறினார்கள் என்று வண்ணம் போட்ட அட்டவணை வேறு. வீடியோ துண்டுகளின் முகப்புப் படங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதனால் போட்டியாளர் பெயரைத் தேடாதீர்கள், சீசன் முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்காதீர்கள். உங்கள் நாட்டில் எந்தக் கட்டணச் சேவையில் கிடைக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு நேராக முதல் எபிசோடுக்குப் போய்விடுங்கள்.

நானும் இந்தக் கட்டுரையில் யார் ஜெயித்தது என்று சொல்லப்போவதில்லை. நடுவில் நடக்கும் சில சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும், அவை இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று விளக்க முடியாது. அதுகூடத் தெரிய வேண்டாம் என்றால் மூன்றாவது படியோடு நிறுத்திக்கொண்டு, சீசன் முடிந்ததும் திரும்பி வந்து படியுங்கள்.

2. ஆறு வார்த்தைகள் தெரிந்தால் போதும்

மஞ்சள் உறையில் வருவது 'கிளூ'. அடுத்து எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 'டீட்டூர்' என்றால் இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பெருவில் வருவதைப் பாருங்கள்: லாமாக்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டியில் அடைக்கலாம், அல்லது தீவனக் கூடையை முதுகில் சுமந்து நடக்கலாம். பார்க்க லாமா எளிது போலத் தோன்றும், ஆனால் லாமாவுக்கு என்று ஒரு மனசு இருக்கிறது. கூடை கனம்தான், ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடலாம். டீட்டூர்களில் பெரும்பாலும் கேள்வி இதுதான், உடம்பை நம்புவதா அதிர்ஷ்டத்தை நம்புவதா.

'ரோட்பிளாக்' இருவரில் ஒருவர் மட்டும் செய்யும் வேலை. வேலை என்னவென்று முழுதாகச் சொல்லமாட்டார்கள், ஒரு சின்னக் குறிப்பைக் கொடுத்து "யார்?" என்று கேட்பார்கள், சொன்னபின் மாற்ற முடியாது. முந்தைய சீசன்களில் கணவன்மார்களே எல்லாவற்றையும் செய்துகொண்டு போனார்கள். அதனால் ஆறாவது சீசனிலிருந்து ஒருவர் இத்தனை தடவைக்கு மேல் செய்யக்கூடாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அந்த வரம்பினால்தான் பல ஜோடிகளில் அமைதியாக இருந்தவர்களின் திறமை வெளியே வந்தது.

'பாஸ்ட் பார்வர்ட்' கிடைத்தால் மீதி வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு நேராக பிட் ஸ்டாப் போகலாம், ஆனால் அது ஒரே ஒரு ஜோடிக்குத்தான். 'யீல்டு' என்பது இன்னொரு ஜோடியை மணல் கடிகாரம் வடியும்வரை நிற்கவைக்கும் உரிமை. ஆறாவது வார்த்தை 'நான் எலிமினேஷன்', அதாவது கடைசியாக வந்தும் வெளியேற்றாமல் விடுவது. இந்தச் சீசனில் அதற்கு விலை உண்டு. கையில் இருக்கும் பணம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும், பைகளையும் கொடுக்க வேண்டும். உடுத்தியிருக்கும் துணியும் பாஸ்போர்ட்டும்தான் மிஞ்சும். அடுத்த கட்டத்துக்கும் பணம் கிடையாது, வழியில் கேட்டு வாங்கித்தான் போக வேண்டும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எபிசோடு வரைக்கும்.

3. பெயரை விட்டுவிடுங்கள், உறவைப் பிடியுங்கள்

முதல் எபிசோடில் 22 முகங்கள் ஒரே நேரத்தில் ஓடும். பெயர்களை நினைவில் வைக்க முயன்றால் தலை சுற்றும். ஒரு தாளில் "அம்மா மகன்", "அண்ணன் தம்பி", "ஓய்வுபெற்ற தம்பதி", "போர்க் கைதியாக இருந்தவரும் அழகிப் பட்டம் வென்றவரும்" என்று உறவை மட்டும் எழுதிவையுங்கள். மூன்றாவது எபிசோடுக்குள் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சிலரை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ராப், ஆம்பர் இருவரும் 2004இல் 'சர்வைவர்' என்ற இன்னொரு போட்டியில் கடைசி இருவராக நின்றவர்கள். ஆம்பர் ஜெயித்தார், ராப் இரண்டாவது, அந்த மேடையிலேயே ராப் அவரிடம் திருமணம் செய்துகொள்வாயா என்று கேட்டார். அதனால் பெருவில் இறங்கும்போதே அவர்களை ரசிகர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள், உதவுகிறார்கள், மற்ற ஜோடிகளுக்கு அதில் கோபம். ஹூஸ்டனிலிருந்து வந்த உச்சென்னா, ஜாய்ஸ் தம்பதி வேலையை இழந்து, குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு வந்தவர்கள். அறுபதைத் தாண்டிய மெரிடித், கிரெட்சன் தம்பதியை இரண்டாவது எபிசோடுக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பக்கத்தில் ஒரு உலக வரைபடமும் வைத்துக்கொள்ளுங்கள், போனில் இருப்பதே போதும். சிலியின் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவுக்கு ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சாலை வழியாகப் போகிறார்கள் என்பது வரைபடத்தில் பார்த்தால்தான் உறைக்கும். அந்த இடத்தில் முன்னணியில் இருந்த ஒரு ஜோடி எதிர்த்திசையில் மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகும்போது, நீங்கள் வீட்டிலிருந்து "திரும்புங்க, திரும்புங்க" என்று கத்துவீர்கள்.

4. ஓடுவதைவிடக் காத்திருப்பதைக் கவனியுங்கள்

நான் பல சீசன் பார்த்த பிறகு உறுதியாக நம்புவது இது. இந்தப் போட்டி பெரும்பாலும் காத்திருக்கிற இடத்தில்தான் தீர்மானமாகிறது. விமான நிலைய கவுண்டர், பஸ் நிலையம், டாக்சி வரிசை. புதிதாகப் பார்ப்பவர்கள் அங்கேதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், வேலை தொடங்கியதும் திரும்பி வருகிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள்.

ஏனென்று சொல்கிறேன். விமான டிக்கெட்டுக்குத் தயாரிப்பாளர்கள் கடன் அட்டை கொடுப்பார்கள், ஆனால் எகானமி வகுப்பு மட்டும்தான். டாக்சி, பஸ், சாப்பாடு எல்லாம் அந்தக் கட்டத்துக்குக் கொடுத்த ரொக்கத்துக்குள். ஒவ்வொரு ஜோடியோடும் கேமராக்காரரும் ஒலிப்பதிவாளரும் கூடவே போகிறார்கள், அதனால் விமானத்தில் இரண்டு இருக்கை கிடைத்தால் போதாது, நான்கு வேண்டும். இது திரையில் பெரிதாகத் தெரியாது, ஆனால் "ஏன் அந்த விமானத்தைப் பிடிக்கவில்லை?" என்று உங்களுக்குத் தோன்றும் பல இடங்களுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். கைப்பேசி கிடையாது. ஆகவே கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த முகம் தெரியாத ஊழியர் உங்களுக்காக இன்னொரு முறை கணினியைத் தட்டிப் பார்ப்பாரா மாட்டாரா என்பதில் பத்து லட்சம் டாலர் தொங்குகிறது. அவரிடம் எரிந்துவிழுபவர்கள் யார், பேர் கேட்டுப் பேசுபவர்கள் யார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசி எபிசோடில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் விமான நிலையத்தில் வரும் சில நிமிடங்களை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு விமானக் கதவைப் பார்த்து இவ்வளவு பதற்றம் வருமா என்று இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு முன்னால் போனாலும் ஒரு இடம் காலையில்தான் திறக்கும் என்று பலகை தொங்கும், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது அநியாயம் என்று தோன்றும். எனக்கும் அந்த வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது இல்லையென்றால் முதல் இரண்டு நாளிலேயே போட்டி முடிந்துவிடும், வயதானவர்கள் யாரும் தாக்குப்பிடிக்க முடியாது.

5. கிளூவை நீங்களும் படியுங்கள்

உறையைப் பிரித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். வாசகத்தைச் சத்தமாகப் படியுங்கள். நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஓடவிடுங்கள். இஸ்தான்புல்லில் ஒரு டீட்டூர் வரும், அதில் ஒரு வழி எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறவர்களை நிறுத்தி ஏற்றி, மொத்தம் 2,500 கிலோ சேர்க்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர்களிடம் "கொஞ்சம் ஏறி நில்லுங்கள்" என்று கேட்க உங்களுக்கு மனசு வருமா? வீட்டில் இரண்டு பேராகப் பார்த்தால் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். யாரோடு கிளம்பலாம், யாரோடு கிளம்பக்கூடாது என்று நான்கு எபிசோடில் தெரிந்துவிடும்.

6. அர்ஜென்டினா இறைச்சி எபிசோடை இரண்டு தடவை பாருங்கள்

இந்தச் சீசனை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இது. ரோட்பிளாக்கில் ஒருவர் உட்கார்ந்து 4 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 1.8 கிலோ சுட்ட இறைச்சி சாப்பிட வேண்டும். தசை மட்டுமல்ல, சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் தட்டில் இருக்கும். ராப் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறார், முடியாது என்று தெரிந்துவிடுகிறது. வேலையை விட்டால் 4 மணி நேரத் தண்டனை. சாதாரணமாக அது வெளியேற்றம்தான்.

முதல் தடவை பார்க்கும்போது தட்டையும் முகங்களையும் பார்ப்பீர்கள், அது இயல்பு. இரண்டாவது தடவை ராப்பின் கண்களை மட்டும் பாருங்கள். அவர் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பவர்களைப் பார்க்கிறார். தான் மட்டும் விட்டால் கடைசி, இன்னும் இரண்டு பேர் விட்டால் கடைசி இல்லை. அவ்வளவுதான் கணக்கு. மிரட்டாமல், பொய் சொல்லாமல், "உங்களாலும் முடியாது, ஏன் கஷ்டப்படுகிறீர்கள்" என்கிற மாதிரிப் பேசியே இன்னும் இரண்டு ஜோடிகளை எழுந்திருக்க வைக்கிறார். அன்று அவர்கள் வெளியேறவில்லை. தின்பதற்கான போட்டியை உட்கார்ந்த இடத்திலேயே பேச்சுப் போட்டியாக மாற்றிவிட்டார். எனக்கு ராப்பைப் பிடிக்காது, அதற்கான காரணம் அடுத்த பத்தியில் வருகிறது, ஆனாலும் இந்த நிகழ்ச்சியில் நான் பார்த்த மிகச் சிறந்த விளையாட்டு இதுதான். அதே தட்டைக் கடைசிவரை தின்று முடித்தவர்களும் இருந்தார்கள், அவர்களையும் மறந்துவிடாதீர்கள்.

போட்ஸ்வானாவில் பிரையன், கிரெக் சகோதரர்களின் வண்டி கவிழ்ந்துவிடும், கூட இருந்த கேமராக்காரருக்கு அடிபடும். பின்னால் வந்த ராப், ஆம்பர் வண்டி நிற்காமல் போய்விடும். இதைப் பற்றி இன்றைக்கும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஏற்கெனவே உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பார்கள் சிலர். என் கருத்து, ஒரு நிமிடம் நின்று "எல்லோரும் நலமா" என்று கேட்டிருக்கலாம். நீங்கள் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

7. நம் ஊர் வரும்போது

லக்னோவும் ஜோத்பூரும் வருகின்றன. லக்னோவில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு வேலை, நிலக்கரி உடைப்பது இன்னொன்று. வழக்கம்போல நெரிசல், தூசி, வறுமை ஆகியவற்றைக் கேமரா கொஞ்சம் அதிகமாகவே காட்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு ஊரைக் காட்டுபவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்றாலும், பார்க்கும்போது மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. பெருவோ தென்னாப்பிரிக்காவோ வந்தபோது நாம் எதைக் கேள்வி கேட்காமல் நம்பினோம் என்று அப்போதுதான் யோசிக்கத் தோன்றும்.

ஆனால் இந்தியாவில் வரும் பாஸ்ட் பார்வர்டுக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நிபந்தனை, இருவரும் மொட்டை போட வேண்டும். பழனியிலும் திருப்பதியிலும் குடும்பத்தோடு வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொள்கிற நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஜாய்ஸுக்கு அது அப்படியில்லை. நீண்ட முடி, அழுகிறார், தயங்குகிறார். உச்சென்னா "வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்" என்று நிஜமாகவே சொல்கிறார். அப்புறம் ஜாய்ஸ் உட்கார்ந்துவிடுகிறார். முடித்து எழுந்ததும் உச்சென்னா அவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நான் எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. வேர்வையும் சண்டையுமாக ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி அங்கே ஒரு நிமிடம் நின்றுவிடும். தயவுசெய்து அந்த இடத்தில் போனைப் பார்க்காதீர்கள்.

மெரிடித், கிரெட்சன் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்கக் குகையில் கிரெட்சன் விழுந்து முகத்தில் ரத்தம் வழிய வெளியே வருவார், கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்வார். நடுவில் கடைசியாக வந்து பணம், பை எல்லாம் போய்விடும். அதற்கப்புறமும் அவர்கள் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

8. எடிட்டிங்கை நம்பிவிடாதீர்கள்

இரண்டு டாக்சிகளை மாறி மாறிக் காட்டி, இசையை ஏற்றி, நூலிழையில் முடிவது போலக் காட்டுவார்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இருந்திருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிட் ஸ்டாப்பில் வழக்கமாக 12 மணி நேரம் ஓய்வு, வந்த வரிசையிலேயே கிளம்புவார்கள். அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஜோடியும் கிளம்பும் நேரம் சொல்லப்படும். அதைத் தாளில் குறித்தால் முந்தைய கட்டத்தில் யார் எவ்வளவு பின்னால் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். நிழலின் நீளத்தையும் பாருங்கள், வெயில் பொய் சொல்லாது.

ஒரே நாளில் முழு சீசனையும் பார்த்துவிடாதீர்கள். நாளுக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு. கடைசி எபிசோடை மட்டும் இரவு நிதானமாக, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு போடுங்கள். டாக்சியில் ஏறினால் கட்டணத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதையும், இரண்டாவது படியில் பணத்தைப் பற்றி நான் சொன்னதையும் ஒரு தடவை நினைத்துக்கொண்டு உட்காருங்கள்.

9. அப்புறம் என்ன பார்ப்பது

உடனே ஆறாவது சீசனுக்குப் போங்கள். இலங்கை வருகிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் சுவீடன் வைக்கோல் வயல். நூற்றுக்கணக்கான வைக்கோல் உருளைகளில் சிலவற்றுக்குள் மட்டும் கிளூ இருக்கும், ஒருவர் தனியாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். லீனா என்ற பெண் நூற்றுக்கும் மேல் பிரிக்கிறார், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, கிடைக்கவில்லை. கடைசியில் பில் கியோகனே வயலுக்கு நடந்து வருகிறார். லீனாவின் தவறு எதுவுமே இல்லை, அதுதான் தாங்க முடியாதது.

அதற்குப் பிறகு 2006இல் வந்த பத்தாவது சீசன். அதில் வியட்நாமிலிருந்து சென்னைக்கு வருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் ஒரு முதலையைப் பிடித்துக் கட்டி இடம் மாற்றுவது ஒரு வழி, வண்ண அரிசி மாவில் கொடுத்த மாதிரியைப் பார்த்து அப்படியே கோலம் போடுவது இன்னொரு வழி. உறையைப் பிரித்ததும் நிறுத்திவிட்டு, தாளில் உங்கள் தேர்வை எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.